அடைத்த அறையின் அளவு

பேங்கிலிருந்து வீட்டுக்கு விலை போட ஆள் வருவார் என்று என் மகள் சொன்னபோது நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். சொன்னது காதில் விழுந்தது. கை நிற்கவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எல்லாப் பேச்சும் அப்படித்தான் கேட்டது, யாரோ அடுத்த கொல்லையில் நின்று பேசுகிற மாதிரி.

"விக்கிறதுக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"விக்கிறதுக்கு இல்லமா. விக்காம இருக்கறதுக்கு."

வீடு கட்டும்போது என் வீட்டுக்காரர் போளூரில் ஒரு பைனான்ஸில் கடன் வாங்கியிருந்தார். வட்டி அதிகம். புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, உடைத்து விற்று, அவர் இருந்தவரை தவணை கட்டிவிட்டார். பங்குனியில் அவர் போன பிறகு பள்ளிக்கூட விடுதியில் சமைக்கிற மகளுடைய சம்பளம் முழுக்க அதற்கே போனது. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே திரும்பி வந்துவிட்டவள் அவள். எனக்கு அவள், அவளுக்கு நான். ஒரு தவணையும் தவறவில்லை. ஆனால் கடையில் எண்ணெய்கூடக் கடனாகத்தான் வாங்கினோம். இன்னும் நான்கு மாதம் தாங்கினால் அதிகம். பிறகு வீட்டை விற்கத்தான் வேண்டும்.

போளூரிலேயே ஒரு பேங்க் அந்தக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதற்கு வீடு இன்ன விலை பெறும் என்று அவர்களுடைய இன்ஜினியர் எழுதிக் கொடுக்க வேண்டும். விலை குறைந்தால் கடன் மாறாது. பேங்க் கொடுத்த கடிதம் ஆவணிக் கடைசி வரைதான் செல்லும். கடன் மகள் பேரில், வீடு என் பேரில்.

"விலை ஏறுற மாதிரி இன்னாலாம் செய்யணுமோ செஞ்சிடலாம்மா. கையில காசு இல்ல. கைய வெச்சுதான் செய்யணும்," என்றாள்.

தெருக்கோடியில் இருக்கும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் நாலைந்து வீடுகளுக்குப் பேங்க் ஆள் வந்ததைப் பார்த்தவர். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"பெயின்ட்டுல காச போடாத பாப்பா. தண்ணி எறங்கற எடத்துல போடு. மேல தளத்துல ரெண்டு வெடிப்பு இருக்குது, அத அடைக்கணும். நாலு மூலைக் கல்லும் கண்ணுக்குத் தெரியணும். கார் வாசல் வரைக்கும் வரணும். அப்புறம் அது இன்னா, கக்கூஸா?"

"ஆமா."

"தொற, பாக்கலாம்."

திறந்தோம். உள்ளே முகடு வரை புளி இருந்தது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் அதில் புளிதான் வைத்தார். எலி ஏறாத சிமென்ட் அறை ஊரிலேயே அது ஒன்றுதான் என்பார். அவர் கடைசியாக உலுக்கிய புளி அது. ஓடுகூட உடைக்கவில்லை.

கொத்தனார் சிரித்தார். "இன்ஜினியரு இத இன்னான்னு எழுதுவான்? புளிக் குடோன்னா?"

எட்டு நாள் உட்கார்ந்து அந்தப் புளியை உடைத்தேன். உடைக்கும்போது அழுகை வரும் என்று மகள் நினைத்திருப்பாள் போல. அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தாள். வரவில்லை. விரல் மட்டும் கறுத்தது. புளியை விற்ற காசில் சிமென்ட் மூட்டை, இரண்டு சுவிட்ச், கக்கூஸுக்கு ஒரு தாழ்ப்பாள், குழாய்க்கு ஒரு திருகு வாங்கினாள். மிச்சத்தில் வீட்டுவரி பாக்கியைக் கட்டி ரசீது வாங்கினாள். மூலைக்கற்கள் உண்ணிச்செடிக்குள் புதைந்து கிடந்தன. கொடுவாளால் வெட்டி வெளியே எடுத்தோம். ஓடையிலிருந்து கல் சுமந்து வாசல் வரைக்கும் பாதை போட்டோம். வெள்ளை மட்டும் அடிக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை வெள்ளை அடிக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒன்று இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. பின்பக்கத்து அறை.

என் வீட்டுக்காரர் அவிட்டத்தில் இறந்தார். அந்த நட்சத்திரத்தில் போனால் அடைப்பு என்பார்கள். உடம்பை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். மீறித் திறந்தால் அந்த வீட்டில் இன்னொருவரையும் கூட்டிப் போகும் என்று சொல்வார்கள். பஞ்சாங்கம் பார்க்கிறவர் நட்சத்திரம் சொன்னதும் கொத்தனார்தான் கடப்பாரையோடு வந்தார். அந்த அறை, கடைசியாக நாங்கள் சேர்த்துக் கட்டியது. செங்கல்லை அவரும் நானும்தான் சுமந்தோம். அதன் பின்சுவரில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக அவரை எடுத்துப் போனார்கள். மாலையில் அதே செங்கற்களை மண் குழைத்து அடுக்கி மூடினார்கள். கதவைப் பூட்டி என் கொழுந்தனார் சாவியை என்னிடம் கொடுத்தார். முந்தானையில் முடிந்துகொண்டேன். ஆறு மாதம் முடியப் புரட்டாசி ஆக வேண்டும். பேங்க் ஆள் வரும் நாளுக்குப் பிறகும் பத்தொன்பது நாள் மிச்சம் இருந்தது.

இன்ஜினியர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு கொழுந்தனார் வந்தார். அவர் என் வீட்டுக்காரருக்குத் தம்பி, நான்கு வீடு தள்ளி இருக்கிறார். பாதையில் போட்ட கல்லை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா, கலெக்டரு வர்றாரா?"

"பேங்க்ல இருந்து வர்றாங்க சித்தப்பா," என்றாள் மகள். "அந்த ரூம ஒரு அரமணி தொறந்து காட்டிட்டு மூடிடலாம்னு பாக்கறேன்."

"அரமணியா? அதுக்கு இன்னா, கெடியாரம் பாத்துக்கினு வருமா போவுமா?"

"அந்த ரூமு கணக்குல வரலன்னா வூடு போய்டும் சித்தப்பா."

"வூடு போனா வேற கட்டலாம். நீ போனா உங்கம்மா இன்னா செய்வா? இருக்கறது நீ ஒருத்தி." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்க சொல்லுங்க. தொறக்கலாமா?"

கொழுந்தனார் முன்னால் நான் உட்கார்ந்துகூடப் பேசினதில்லை. சுவரோரம் நின்று தரையைப் பார்த்தேன்.

"பாத்தியா, அண்ணிக்கும் இஷ்டம் இல்ல," என்றார் அவர்.

"அவங்க எதுக்குதான் வாயத் தொறந்தாங்க," என்றாள் மகள்.

"பின்னால சுவத்தயாவது பூசிக்கறோம்," என்று அவள் கேட்டதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. ஆறு மாதம் ஆகும்வரை அந்த வழி மண்ணிலேயே நிற்க வேண்டும் என்றார். அவர் போன பிறகு மகள் சாமை வைக்கோலை அள்ளி வந்து சுவரோடு சேர்த்துப் போர் மாதிரி அண்டக் கொடுத்தாள். ஓட்டை மறைந்தது. நான் வைக்கோல் எடுத்துக் கொடுத்தேன்.

இன்ஜினியர் மோட்டார்சைக்கிளில்தான் வந்தார். கார் வரட்டும் என்று நாங்கள் போட்ட கல்லில் வண்டி குதித்துக் குதித்து வந்தது. என் மகளைவிடச் சின்ன வயது. நான் பலா மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். வெளியாள் வந்தால் எனக்குக் கால் தானாக அங்கே போய்விடும்.

அவர் முன்னறையை அளந்தார், சமையல் கட்டை அளந்தார், மேலே ஏறித் தளத்தைத் தட்டிப் பார்த்தார். கக்கூஸைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"புளி வாசன வருது?"

"கழுவினோம் சார்," என்றாள் மகள்.

"கக்கூஸ புளி போட்டுக் கழுவற வூட்ட இன்னைக்குதான் பாக்கறேன்."

கரண்டு பில், வரி ரசீது எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். வெள்ளை அடிக்க முடியாமல் போனதற்கு மகள் காரணம் சொல்லத் தொடங்கினாள். அவர் கையை ஆட்டினார். "சுண்ணாம்புக்கு ஒரு ரூபா ஏறாது. எனக்கு நீளம், அகலம், தளம், பத்திரம். அவ்ளோதான். அந்த ரூம தொறங்க."

மகள் பலா மரத்தைப் பார்த்தாள். "சாவி காணோம் சார்."

"அப்ப அத வுட்டுட்டுதான் எழுதணும். பூட்டின ரூம்ல யாரு இருக்காங்க, இன்னா இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அத வுட்டா இன்னா வரும் சார்?"

அவர் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பத்தாதும்மா."

அதற்குப் பிறகு வீட்டைச் சுற்றி வெளியளவு எடுக்கப் போனார். பின்பக்கம் டேப் வைக்க வைக்கோல் இடைஞ்சலாக இருந்தது. காலால் தள்ளினார். வைக்கோல் சரிந்தது.

"இது இன்னா?" குரல் மாறிவிட்டது. "சுவரு உக்காந்துச்சா? அஸ்திவாரம் எறங்கி இருக்குதா? இத மறைச்சி வெச்சிருக்கீங்களே. எறங்கின வூட்டுக்கு பேங்க் ஒரு பைசா தராது, தெரியுமா?"

மண்ணில் அடுக்கிய செங்கலை அவர் விரலால் குத்தினார். மண் உதிர்ந்தது. போனை எடுத்து அதைப் படம் பிடிக்கப் போனார்.

நான் மரத்தை விட்டு வந்தேன். ஏன் வந்தேன் என்று இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்ல வரவில்லை. தைரியம் என்று சொல்ல முடியாது. பயப்படுகிற இடம் உள்ளே மரத்துப் போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"சுவரு எறங்கல," என்றேன். "நாங்கதான் இடிச்சோம்."

அவர் திரும்பிப் பார்த்தார். அதுவரை என்னைப் பார்க்கவே இல்லை அவர்.

"எங்க வூட்டுக்காரரு அவிட்டத்துல போய்ட்டாரு. இது வழியாதான் எடுத்தாங்க."

அவர் சுவரையும் என்னையும் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்க தாத்தாவுக்கும் அடைப்புதான். ஆனா அவருக்குக் கூரையப் பிரிச்சாங்க," என்றார். பிறகு, "அந்த ரூம்தானா இது?"

"ஆமா."

"எத்தன மாசம் ஆச்சு?"

"அஞ்சு தாண்டிச்சு."

"ம்மா, நான் வாய்ல கேட்டத எழுத முடியாது. கடப்பாரையில இடிச்ச சுவருக்கு வெடிப்பு மேல ஏறாது. உள்பக்கம் சுத்தமா இருந்தா சுவரு நல்ல சுவருன்னு எழுதலாம். அதுக்கு உள்ள போய் பாக்கணும். வாணாம்னா சொல்லிடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்."

மகள் என்னைப் பார்த்தாள். தலையை அசைத்து வேண்டாம் என்றாளா, திற என்றாளா, தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் திறக்க மாட்டேன் என்று பட்டது. அதனால் பார்க்காமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் அவிழ்த்தேன்.

கதவு தெருவுக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிட்டது. இன்ஜினியர் ஒரு அடி பின்வாங்கினார்.

உள்ளே ஒன்றுமில்லை. கட்டிலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். தரையில் பல்லி எச்சம், தூசி, அவருடைய இருமல் மருந்து மூடி ஒன்று. பெரிதாக ஏதோ வந்து என்மேல் மோதும் என்று நினைத்திருந்தேன். அடைத்த அறைக்கு உள்ள வாசனைதான் வந்தது. அந்த மூடியை எடுத்துச் சாவி இருந்த இடத்தில் முடிந்துகொண்டேன்.

அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து அளந்தார். "பதினொண்ணுக்கு பத்து," என்று மகளிடம் சொன்னார். நாங்கள் சுமந்த செங்கல் அத்தனையும் அந்த இரண்டு எண்ணுக்குள் அடங்கிவிட்டது. சுவரில் கை வைத்துத் தடவினார். மேலே வெடிப்பு இல்லை. "இத சிமென்ட்டுல கட்டி, ரெண்டு பக்கமும் பூசி, படம் எடுத்து அனுப்புங்க. மூணு நாள் தரேன்," என்றார்.

போகும் முன் வீட்டுச் சொந்தக்காரர் வீட்டு முன்னால் நிற்கிற படம் வேண்டும் என்றார். மகளைத்தான் சொல்கிறார் என்று நான் நகர்ந்தேன்.

"நீங்கதாம்மா. பட்டா உங்க பேர்லதான இருக்குது?"

என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தது ஆதாருக்கு ஒரு முறை. அதற்கு முன் எப்போதென்று நினைவில்லை. நின்றேன். நிமிருங்கள் என்றார். நிமிர்ந்தேன். எடுக்கும்போது குனிந்துவிட்டேனாம். பரவாயில்லை, வீடு தெரிகிறது என்று போய்விட்டார்.

அடுத்த நாள் கொழுந்தனார் சந்தைக்குப் போகும் நாள். அவர் பஸ் ஏறியதும் கொத்தனார் வந்தார். மிச்சம் இருந்த சிமென்டைக் குழைத்தார். உள்ளேயும் வெளியேயும் போய் வரும்போது ஒவ்வொரு முறையும் கதவு கத்தியது. எதிர்வீட்டில் கேட்குமே என்று கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மகள் கூலி கொடுக்கப் போனாள்.

"வாணாம் பாப்பா. இடிச்சதும் நான்தான். அதுக்கு நான் கூலி வாங்கல, இதுக்கு மட்டும் வாங்குவேனா?" என்றார். கரண்டியைக் கழுவிக்கொண்டே, "அன்னைக்கு இடிக்கும்போது சுவரு அவ்ளோ சீக்கிரத்துல வரல. அண்ணன் கட்டினது," என்றார்.

வெளிப்பூச்சு காய்ந்ததும் வைக்கோலைப் பழையபடி அண்டக் கொடுத்தோம். எங்கள் வீட்டுப் பக்கம் டவர் எடுக்காது. மகள் பஸ் நிற்கிற இடம் வரை நடந்து போய்ப் படத்தை அனுப்பிவிட்டு வந்தாள். நான் அறையைப் பூட்டினேன்.

ஆனால் திறந்தது திறந்ததுதானே. அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன். காலையில் அவள் விடுதிக்குக் கிளம்பும்போது பின்னாலேயே பஸ் வரைக்கும் போனேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன். ஏழாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விடுதியில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே காய்ச்சல்தான். இருந்தாலும் பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடாமல் இவளை ஏன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்காமல். அழுகை வரவில்லை. மூன்றாம் நாள் எழுந்து ரசம் கேட்டாள். கறுத்துப் போயிருந்த என் விரலைப் பார்த்து, "இன்னும் புளிக் கறை போவலியாமா," என்றாள்.

பன்னிரண்டாம் நாள், மகள் விடுதியில் இருக்கும்போது, பேங்கிலிருந்து போன் வந்தது. அதே வாரம் இருவரும் போளூர் போய்க் கையெழுத்துப் போட்டோம். எனக்கு என் பேர் எழுத வரும், ஐந்தாவது வரை படித்தேன். ஒவ்வொரு தாளிலும் எழுதினேன். இன்ஜினியர் எழுதிய காகிதம் இங்கிலீஷில் இருந்தது. மகள் விரல் வைத்துப் படித்துச் சொன்னாள்: பின்பக்கம் ஒரு படுக்கை அறை, பதினொன்றுக்குப் பத்து, சுவர் பழுது பார்க்கப்பட்டது. கீழே நான் குனிந்து நிற்கிற படம். வீடு நிமிர்ந்துதான் இருந்தது. பாதி சம்பளம் இனி கையில் நிற்கும் என்றாள். சரி என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்த நாள் கொழுந்தனார் பஞ்சாங்கக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். தேங்காய், வெற்றிலை, சூடம் எல்லாம் அவரே வாங்கி வந்திருந்தார். வைக்கோலை ஒதுக்கச் சொல்லவில்லை. வாசலில் நீர் தெளித்தார்கள். சாவியைக் கொடுத்தேன். கொழுந்தனார் பூட்டைத் திறந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, கதவைப் பலமாகத் தள்ளினார். ஒரு சத்தமும் இல்லாமல் கதவு போய்ச் சுவரில் மோதியது.

அவர் கீலைப் பார்த்தார். பிறகு எதிரே புதுப் பூச்சு சாம்பல் நிறமாகத் தெரிந்த சுவரைப் பார்த்தார். மகள் சமையல் கட்டுக்குள் போய்விட்டாள்.

"ஆறு மாசம் பூட்டின கதவு, அண்ணி. சத்தமே போடல."

"எண்ணெய் விட்டேன்."

"எப்ப?"

பஞ்சாங்கக்காரர் வெற்றிலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், காதில் விழாத மாதிரி. கொழுந்தனார் சமையல் கட்டுப் பக்கம் பார்த்தார். உள்ளே மகள் பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பாப்பாவுக்கு ஒடம்பு இப்ப நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்கா."

"பேங்க்ல எடுத்துக்கினாங்களா?"

"எடுத்துக்கினாங்க."

"ம்," என்றார். சூடத்தைக் கொளுத்தித் தட்டை என் கையில் கொடுத்தார். "நீங்க மொதல்ல போங்க அண்ணி. வலது கால வெச்சி போங்க."

வலது காலை வைத்து, முதல் தடவை போகிறவள் போல உள்ளே போனேன்.